மருந்தும் எண்ணெயும்



நம் ஜவ்வாது மலையில் ஒருவருக்குப் பெருங்குடலில் புற்றுநோய் என்று தெரிந்து, "வேறு இடத்துக்கும் பரவியிருக்கலாம்" என்று மருத்துவர் சொல்லிவிட்டால், வீட்டில் இரண்டு பேச்சு எழும். "இனிமேல் கீமோ எதற்கு, உடம்பைத்தானே வருத்தும்?" என்பது ஒன்று. "சாமியாரை இப்போது கூப்பிட வேண்டாம், பார்த்தாலே பயந்துவிடுவார்" என்பது இன்னொன்று. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். முடிவு வந்துவிட்டது என்று நாமே தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

'பரவியிருக்கலாம்' என்ற சொல்லை நிதானமாகக் கேட்போம். ஸ்கேனில் தெரியும் புள்ளி எல்லாமே புற்றுநோய் அல்ல. உறுதிசெய்ய மறுபடியும் ஸ்கேனோ, சதைப் பரிசோதனையோ தேவைப்படலாம். குடலை ஒட்டிய நிணநீர்க் கணுக்கள்வரை மட்டும் போயிருந்தால், அறுவைச் சிகிச்சைக்குப் பின் மூன்று முதல் ஆறு மாதம் கீமோ தருவது குணமாக்கும் நோக்கத்தோடுதான். கல்லீரலுக்கோ நுரையீரலுக்கோ போயிருந்தால் நிலைமை கடினம். பலருக்கு முழுக் குணம் கிடைப்பதில்லை. அப்போதும் கீமோ நோயை அடக்கி, வாழும் நாளைக் கூட்டித் தரக்கூடும். கல்லீரலில் சில கட்டிகள் மட்டும் இருந்து, அவற்றை அகற்ற முடிந்து, நெடுநாள் வாழ்பவர்களும் உண்டு. நூறு பேரில் இத்தனை பேர் என்ற கணக்கு, நம் வீட்டில் படுத்திருப்பவர் எந்தப் பக்கம் என்று சொல்லாது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923-இல் மலக்குடல் புற்றுநோயால் இறந்தார். அன்று இந்நோய்க்குக் கீமோ என்பதே இல்லை. அந்தத் துயரத்திலிருந்துதான் 1954-இல் 12 படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனை பிறந்தது. குடல் புற்றுக்கு இன்றும் தரப்படும் ஃப்ளூரோயுரசில் மருந்து 1957-இல் அறிமுகமானது. அந்தத் தங்கைக்குக் கிடைக்காதது நமக்குக் கிடைத்திருக்கிறது.

மலையில் வாழும் நாம் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆக்சாலிப்ளாட்டின் என்ற மருந்து ஏறியபின் சில நாட்களுக்குக் குளிர்ந்த தண்ணீரைத் தொட்டால் விரல்கள் சுரீரென்று கூசும். தொண்டை அடைப்பதுபோல் இருக்கும். நம் மார்கழிக் குளிரில் சொல்லவே வேண்டாம். விஷம் ஏறிவிட்டது என்று பயந்து பாதியில் நிறுத்திவிட வேண்டாம். வெந்நீர் பயன்படுத்துவோம், கையுறை போடுவோம், மருத்துவரிடம் சொல்வோம். தேவையானால் அவர் மருந்தின் அளவைக் குறைப்பார். ஆனால் காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இரவானாலும் மருத்துவமனைக்கு இறங்க வேண்டும்.

வேலூருக்கு மாதக்கணக்கில் போய்வருவது ஒரு குடும்பத்தால் மட்டும் ஆகிற காரியமல்ல. உடன் போகவும், பிள்ளைகளுக்குச் சோறு போடவும், சாமை அறுப்புக்குக் கை கொடுக்கவும் பங்குமக்கள் நாம் இருக்கிறோம்.

இனி எண்ணெய். நம் பெரியவர்கள் 'அவஸ்தைப்பூசுதல்' என்றார்கள். நோயில்பூசுதல் சாகும் தறுவாயில் இருப்பவருக்கு மட்டும் உரியதல்ல என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இலேயே தெளிவாக்கிவிட்டது. கடும் நோய் தொடங்கும்போதே, அறுவைச் சிகிச்சைக்கு முன்பே பெறலாம். நோய் முற்றினால் மீண்டும் பெறலாம். யாக்கோபு திருமுகத்தின் 5-ஆம் அதிகாரத்தில் மூப்பர்களை அழைக்கும்படி சொல்லப்படுவது நோயாளிக்குத்தான். நினைவு தப்பியபின் அவர் எப்படி அழைப்பார்? சீராக்கின் ஞானம் 38-ஆம் அதிகாரமும் செபத்தையும் மருத்துவரையும் அருகருகே வைக்கிறது.

மருந்து இனி பலன் தராது என்று மருத்துவரே சொல்லும் நாளும் வரலாம். அப்போது கீமோவை நிறுத்துவது பாவமல்ல. வலி தீர்க்கும் மருந்தை ஏற்பதும் பாவமல்ல. அந்த நாளிலும் நற்கருணை வழியுணவாக வரும், நாமும் பக்கத்தில் இருப்போம். ஆனால் அந்த நாளை நாமே முன்கூட்டி அழைத்துவிட வேண்டாம்.

நோயுற்றோரைத் தொட்டுக் குணமாக்கிய ஆண்டவர், நம் இல்லங்களில் நோயுற்றிருக்கும் ஒவ்வொருவரையும் தாங்கிக் காப்பாராக. ஆமென்.