வாயில்லா உயிர் தந்த பாடம்



எங்கள் சங்கரன்கோவிலில் கோமதியம்மனை வழிபட வருவோர் புற்றுமண்ணைப் பிரசாதமாகப் பெற்றுச் செல்வது வழக்கம். அந்தப் புற்றின் பெயரையே கொடிய நோயொன்றும் தமிழில் தாங்கி நிற்கிறது. மார்பகத்திலோ நுரையீரலிலோ தோன்றிய புற்றுநோய் எலும்புக்குப் பரவும்பொழுது அப்பெயரின் பொருத்தம் நன்கு விளங்கும். கறையான் மரத்தை அரிப்பதுபோல் எலும்பு உள்ளிருந்தே அரிக்கப்படுகிறது; நோயாளி புரண்டு படுக்கவும் அஞ்சுகிறார்.

அரிப்பது யார்? பெரும்பாலும் நம் உடலின் சொந்த அணுக்களே! பழைய எலும்பைக் கரைத்துப் புதியதற்கு இடமளிக்கும் அணுக்களை இயற்கை நமக்கு அளித்துள்ளது. புற்றணுக்களின் தூண்டுதலால் அவை வரம்பு மீறி அமிலம் சுரக்கின்றன. எலும்பு கரைகிறது, அவ்வமிலமே நரம்பு நுனிகளையும் வருத்துகிறது.

இதனை ஆராய 1999-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழக அறிஞர்கள் சுண்டெலியைத் துணைக்கொண்டனர். அதன் தொடையெலும்பினுள் புற்றணுக்களைச் செலுத்தி, அவை வெளியேறாதவாறு துளையை அடைத்தனர். எலி பேசாதே, அதன் வலியை எவ்வாறு அளப்பது? நோயுற்ற காலை அது எத்துணை நேரம் தூக்கிப் பிடிக்கிறது, நடக்கையில் எவ்வளவு ஊன்றுகிறது என்று பொறுமையாகக் குறித்தார்கள். வீக்கத்தாலும் நரம்புக் காயத்தாலும் வரும் வலிகளைப் போன்றதன்று இவ்வலி, தண்டுவடத்தில் இது விளைக்கும் மாற்றங்களும் வேறு என்பது தெரிந்தது. எலும்பைக் கரைக்கும் அணுக்களை அடக்கும் புரதமொன்றை எலிக்குச் செலுத்தியபோது, எலும்பின் அழிவோடு வலியும் குறைந்ததை 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அதே வழியில் அவ்வணுக்களை அடக்கும் டெனோசுமாப் என்ற மருந்து, புற்று பரவிய எலும்பைக் காப்பதற்கென 2010-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

எலியிடம் பலித்த மருந்தெல்லாம் மனிதனிடம் பலிப்பதில்லை என்பதையும் மறத்தலாகாது. ஆகவே, இவ்வளவு துன்பத்தை ஓர் உயிருக்கு விளைக்கலாமா என்ற வினா எழுகிறது. அதற்குரிய விடையை அடையாற்றில் காண்கிறேன். அங்கே 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. அதே அடையாற்றோடு பிணைந்த ருக்மிணி தேவி அருண்டேல், விலங்குகளின் வதையைத் தடுக்க மாநிலங்களவையில் குரல் எழுப்பினார்; 1960-இல் சட்டம் பிறந்தது. நோயை வெல்லும் அறிவுக்காகச் செய்யும் சோதனையை அச்சட்டம் விலக்கவில்லை. ஆயினும், தவிர்க்கக் கூடியதைத் தவிர்க்க வேண்டும், பரிவோடு செய்ய வேண்டும், அறுவை செய்யின் மயக்க மருந்து கொடுக்க வேண்டும் என்று அதன் விதி கூறுகிறது.

நோயாளியிடத்துக் கருணையும் எலியிடத்துக் கருணையும் ஒன்றுக்கொன்று பகையல்ல. உங்களுள் சிலர் நாளை ஆராய்ச்சிக்கூடம் புகுவீர்கள். வேறு வழியில் அறியக் கூடியதற்கு விலங்கைத் தொடாதீர்கள். தொட நேர்ந்தால், எண்ணிக்கையைக் குறையுங்கள், வேதனையைக் குறையுங்கள், கண்டதைப் பிழையின்றிப் பதியுங்கள். கவனக்குறைவாகச் செய்த சோதனையில் அவ்வுயிர் பட்ட வலி முழுவதும் வீணாகிவிடும். அதனினும் பெரிய கொடுமை வேறில்லை.