பொக்லைன் செயின்: இறுக்கமும் தளர்ச்சியும்



ஏரியில் தூர் வாரும்போது ஒரு பெரிய இயந்திரம் வரும். நீண்ட கை இருக்கும். கையின் முனையில் பல் வைத்த தொட்டி இருக்கும். ஒரே அள்ளில் பத்து ஆள் மண்ணை அள்ளிப் போடும். அதைச் சிலர் பொக்லைன் என்கிறார்கள். சிலர் ஹிட்டாச்சி என்கிறார்கள். உண்மையில் இரண்டும் கம்பெனிப் பெயர்கள். பொக்லைன் பிரான்சு நாட்டுக் கம்பெனி. ஹிட்டாச்சி ஜப்பான் கம்பெனி. எந்தக் கம்பெனி இயந்திரம் வந்தாலும் ஊர் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறது. அதில் தவறு ஒன்றும் இல்லை.

எல்லோரும் அதன் கையைத்தான் பார்க்கிறார்கள். காலை யாரும் பார்ப்பதில்லை. இன்றைய பேச்சு அந்தக் காலைப் பற்றியது.

இந்த இயந்திரத்துக்கு டயர் கிடையாது. இரண்டு பக்கமும் இரும்புச் செயின் ஓடுகிறது. சைக்கிள் செயினை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இதுவும் அதே போன்றதுதான். கண்ணிகள் இருக்கின்றன. கண்ணிகளைப் பின்னும் புஷ்ஷும் இணைக்கின்றன. கண்ணிகளின் மேல் இரும்புப் பட்டைகளைப் போல்ட் போட்டு முடுக்கியிருக்கிறார்கள். 20 டன் இயந்திரத்தில் ஒரு பக்கத்துக்கு நாற்பதுக்கு மேல் பட்டைகள் உண்டு.

பின்னால் பல் சக்கரம் இருக்கிறது. இதன் பெயர் ஸ்ப்ராக்கெட். செயினை இழுப்பது இதுதான். முன்னால் பல் இல்லாத சக்கரம் ஒன்று இருக்கிறது. அது ஐட்லர். நடுவில் சின்ன உருளைகள் இருக்கின்றன. அவை ரோலர்கள். கீழ் ரோலர்கள் இயந்திரத்தின் பாரத்தைத் தாங்குகின்றன. மேல் ரோலர்கள் செயின் தொங்கிவிடாமல் தாங்குகின்றன.

இந்தச் செயின் எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும்?

சைக்கிள் ஓட்டுகிறவருக்கு இது தெரியும். செயின் தளர்ந்தால் கழன்று விழும். மிகவும் இறுக்கினால் மிதிக்க முடியாது. இங்கேயும் அதேதான். ஆனால் நட்டம் பல மடங்கு பெரியது.

செயின் மிகவும் இறுகினால் பின்னும் புஷ்ஷும் ஓயாமல் உரசும். சீக்கிரம் தேயும். ஸ்ப்ராக்கெட் பல் கூராகிவிடும். டீசல் கூடுதலாகச் செலவாகும். செயின் தளர்ந்தால் பட்டைகள் அடித்துக்கொள்ளும். இயந்திரம் திரும்பும்போது செயின் ஐட்லரை விட்டு நழுவும். ஏரி நடுவில், சேற்றில், செயின் கழன்ற இயந்திரத்தை நினைத்துப் பாருங்கள். மேலே மழை இருட்டிக்கொண்டு வருகிறது. இயந்திரம் ஓர் அடி கூட நகராது.

இது வெறும் கற்பனை இல்லை. தெலங்கானாவில் 2015-இல் மிஷன் காகதீயா என்ற திட்டத்தில் ஏரிகளைத் தூர் வாரத் தொடங்கினார்கள். மராட்டிய மாநிலத்தில் 2017-இல் அணை, குளங்களின் வண்டலை எடுத்து வயலில் போடும் திட்டம் வந்தது. இது கோடையில் செய்யும் வேலை. ஜூனில் மழை இறங்கும். அதற்குள் மண்ணை எடுக்க வேண்டும். விவசாயி டிராக்டரோடு காத்து நிற்கிறார். அந்த நேரத்தில் ஒரு செயின் கழன்றால் ஒரு டிரைவருக்கு மட்டும் நட்டம் இல்லை. அந்த ஆண்டு வண்டல் பல வயல்களுக்குப் போய்ச் சேராது.

அந்தப் பகுதிகளில் பல இடங்களில் மண் கரிசல். கரிசல் மண்ணுக்கு ஒரு குணம் உண்டு. ஈரம் பட்டால் ஒட்டும். காய்ந்தால் கல்லாகும். இந்த மண் ஸ்ப்ராக்கெட்டின் பல் இடுக்கில் போய் அடைத்துக்கொள்கிறது. அடைத்ததும் சக்கரம் பெருத்தது போல ஆகிறது. செயினின் நீளமோ மாறவில்லை. ஆகவே செயின் தானாக இறுகுகிறது. வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு அரைஞாண் கயிறு இறுகுவது போலத்தான்.

ஒரு குளத்தில் வேலை நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் உதவியாளர் டிரைவரிடம் சொல்கிறார்.

"அண்ணே, செயின் தொங்குதே. ரெண்டு கிரீஸ் அடிச்சு இறுக்கிடட்டுமா?"

"வேணாம் தம்பி. நேத்து நான்தான் கொஞ்சம் தளர்த்தி விட்டேன். சேத்துல இறங்கினா அதுவே இறுகிடும். கல்லுத் தரைக்குப் போறப்போ பாத்துக்கலாம்."

டிரைவர் சொன்னது சரி. சேற்றில் செயின் சற்றுத் தளர்வாக இருக்க வேண்டும். கெட்டித் தரையில் அவ்வளவு தளர்ச்சி ஆகாது. தரை மாறினால் இறுக்கமும் மாற வேண்டும். ஒரே அளவை வைத்துக்கொண்டு ஆண்டு முழுவதும் ஓட்டுகிறவர் செயினைத் தின்றுகொண்டே ஓட்டுகிறார்.

கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது. அளக்க வேண்டும். எப்படி அளப்பது?

ஒரு முறையில் இயந்திரத்தைத் தூக்க வேண்டியதில்லை. சமமான தரையில் கொஞ்ச தூரம் முன்னால் ஓட்டி, மெதுவாக நிறுத்த வேண்டும். ஐட்லருக்கும் மேல் ரோலருக்கும் மேலே, செயின் மீது ஒரு நேரான கம்பியை வைக்க வேண்டும். கம்பிக்கும் செயினுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி? அதுதான் அளவு. கோமாட்சு கம்பெனியின் 20 டன் இயந்திரத்துக்கு இது 10 முதல் 30 மில்லிமீட்டர். அதாவது 1 முதல் 3 சென்டிமீட்டர்.

இன்னொரு முறையில் மேல் பகுதியைப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். தொட்டியைத் தரையில் ஊன்றி, ஒரு பக்கச் செயினை மட்டும் தூக்க வேண்டும். தூக்கிய செயினை முன்னும் பின்னும் சுற்றிவிட்டால் ஒட்டிய மண் உதிரும். பிறகு நிறுத்த வேண்டும். பூட்டு நெம்பைப் போட வேண்டும். சட்டத்தின் அடியில் மரக்கட்டை முட்டுக் கொடுக்க வேண்டும். இத்தனையும் முடிந்த பிறகுதான் ஆள் கிட்டே போகலாம். செயின் நடுவில் எவ்வளவு தொங்குகிறது என்று, சட்டத்தின் அடியிலிருந்து அளக்க வேண்டும். 20 டன் இயந்திரங்கள் பலவற்றில் இது 30 சென்டிமீட்டரை ஒட்டி இருக்கும். சரியான எண் இயந்திரத்தோடு வந்த புத்தகத்தில் இருக்கிறது. ஒரு கம்பெனியின் எண் இன்னொரு கம்பெனிக்குப் பொருந்தாது. அந்தப் புத்தகம் பெரும்பாலும் சீட்டுக்குப் பின்னால் தூசி படிந்து கிடக்கும். அதை எடுத்துத் துடைத்து, அந்த ஒரு பக்கத்தைப் படித்துவிடுவது நல்லது.

அளந்தாயிற்று. இனி இறுக்குவது எப்படி? சைக்கிளில் நட்டைத் தளர்த்திச் சக்கரத்தைப் பின்னால் இழுக்கிறோம். இங்கே ஐட்லரை முன்னால் தள்ளுகிறது ஒரு சிலிண்டர். அந்தச் சிலிண்டருக்குள் இருப்பது கிரீஸ். கிரீஸ் கன்னால் நிப்பிளில் கிரீஸ் ஏற்றினால் ஐட்லர் முன்னே போகும். செயின் இறுகும். ஏற்றிய பிறகு இயந்திரத்தை முன்னும் பின்னும் நகர்த்தி மறுபடி அளக்க வேண்டும். ஐட்லர் கடைசி வரை போன பிறகும் செயின் தொங்கினால் பின்னும் புஷ்ஷும் தேய்ந்துவிட்டன என்று பொருள். அதற்கு மேல் கிரீஸ் அடித்துப் பயன் இல்லை. மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும்.

தளர்த்துவதில்தான் ஆபத்து இருக்கிறது. இந்த இடத்தைக் கவனமாகக் கேளுங்கள்.

சிலிண்டருக்குள் இருக்கும் கிரீஸ் சாதாரண கிரீஸ் போல அமைதியாக இருப்பதில்லை. பெரிய அழுத்தத்தில் அடைபட்டு இருக்கிறது. தளர்த்த வால்வைத் திருப்ப வேண்டும். மெதுவாகத் திருப்ப வேண்டும். ஒரு சுற்றுக்கு மேல் திருப்பக் கூடாது. முகத்தை வால்வுக்கு நேரே கொண்டுபோகக் கூடாது. பக்கவாட்டில் நின்று சாவியைப் போட வேண்டும். வால்வில் உள்ள கிரீஸ் நிப்பிளைக் கழற்றவே கூடாது.

சில நேரம் வால்வைத் திருப்பியும் கிரீஸ் வராது. விபத்து பெரும்பாலும் அப்போதுதான் நடக்கும்.

"அண்ணே, கிரீஸ் வரலையே. இன்னும் ரெண்டு சுத்துக் கழட்டிப் பாக்கட்டுமா?"

"தொடாதே! தள்ளி வந்து நில்லு. நான் வண்டியை அசைக்கிறேன்."

டிரைவர் ஏறி, உதவியாளர் தூரத்தில் நிற்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டு, இயந்திரத்தை முன்னும் பின்னும் சிறிது அசைக்கிறார். கிரீஸ் புழு போல நெளிந்து வெளியே வருகிறது. அவ்வளவுதான். இன்னும் இரண்டு சுற்றுக் கழற்றியிருந்தால் அந்த வால்வு துப்பாக்கிக் குண்டு போலப் பறந்திருக்கும்.

அழுத்தத்தில் பாயும் கிரீஸ் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தியது போல ஒரு புள்ளிதான் தெரியும். முதலில் வலி கூட அதிகம் இராது. "ஒன்றும் இல்லை" என்று துணியைச் சுற்றிக்கொண்டு வேலை பார்க்கத் தோன்றும். உள்ளே கிரீஸ் விரலிலிருந்து உள்ளங்கை வரை பரவியிருக்கும். சில மணி நேரத்தில் கை வீங்கும். தாமதித்தால் விரலையே எடுக்க வேண்டி வரலாம். ஆகவே புள்ளி சிறிதாக இருந்தாலும் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். டாக்டரிடம் "காயம்" என்று மட்டும் சொன்னால் போதாது. "அழுத்தத்தில் இருந்த கிரீஸ் உள்ளே போய்விட்டது" என்று சொல்ல வேண்டும். அப்போதுதான் அவர் திறந்து சுத்தம் செய்வார். ஊசி போட்டு, கட்டுக் கட்டி அனுப்பிவிட மாட்டார்.

சிலிண்டருக்குப் பின்னால் கனமான ஸ்பிரிங் ஒன்றும் இருக்கிறது. அதை மரத்தடியில் வைத்து யாரும் பிரிக்கக் கூடாது. அதற்கென்று பட்டறையும் கருவியும் உண்டு.

மற்றவை சின்ன வேலைகள். மாலையில் மண் காய்வதற்கு முன்பே மண்வெட்டியால் சுரண்டிவிட வேண்டும். நீண்ட தூரம் பின்னோக்கி ஓட்டக் கூடாது. அப்படி ஓட்டினால் புஷ் விரைவில் தேயும்.

செயினைத் தினமும் பார்க்க வேண்டும். 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை அளந்துவிடுவது நல்லது. அளந்ததை ஒரு நோட்டில் எழுத வேண்டும். தேதி, மணி மீட்டர் எண், இடது பக்க அளவு, வலது பக்க அளவு. இந்த நான்கும் போதும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தேய்வதில்லை. எப்போதும் ஒரே பக்கமாகத் திரும்பும் இயந்திரத்தில் ஒரு பக்கம் முன்னதாகத் தேயும். எந்தப் பக்கம் என்பதை அந்த நோட்டுதான் சொல்லும்.