பாரம் ஆற்றங்கரைப் பெண்டிர்



போர்னியோத் தீவின் வடமேற்கில், மலேசிய நாட்டுக்குட்பட்ட சரவாக்கு மாநிலத்தில், பாரம் என்றோர் ஆறு ஓடுகின்றது. அதன் மேல்நிலத்துக் காடுகளில் வாழ்பவர் பெனான் என்னும் பழங்குடி மக்கள். வழிவழியாக உழவறியாதவர், வேட்டையும் காட்டுக் கனியும் காட்டுப் பனையின் மாவுமே அவர்தம் உணவாயிருந்தன. சேலத்துச் சவ்வரிசி மரவள்ளிக் கிழங்கினின்று வருவது. அம் மக்களின் மாவோ பனந்தண்டைப் பிளந்து, உட்சோற்றை நீர்விட்டு மிதித்து வடித்தெடுப்பது. ஒரு மரத்தை ஒரு குடும்பம் தனக்கெனக் குறியிட்டு, முற்றாக அழித்துவிடாமல் மீண்டும் தழைக்குமாறு பேணுவதை அவர்கள் ‘மொலோங்’ என்பர். காட்டைக் காப்பது எப்படி என்று பழங்குடிகளுக்குக் கற்பிக்க வரும் அலுவலர்கள் இவ்வொரு சொல்லையாவது அவர்களிடம் கற்றுக்கொண்டு திரும்பியிருக்கலாம்.

இக் காடு எங்ஙனம் அவர்கள் கையைவிட்டுப் போயிற்று? சட்டத்தாலேயே போயிற்று. சரவாக்கின் 1958ஆம் ஆண்டு நிலச்சட்டம், அவ்வாண்டு சனவரி 1ஆம் நாளுக்கு முன்னர்க் காட்டை வெட்டித் திருத்திப் பயிரிட்டவர்க்கே முதன்மையாக நிலவுரிமையை ஏற்றது. மரத்தை வெட்டியவன் உரியவன். வெட்டாது காத்தவன் அயலான்! அலைந்து வாழ்ந்த பெனான் மக்களுக்குக் காட்டுவதற்குப் பயிர்நிலம் இல்லை. ஆகவே உரிமையும் இல்லையென்று முடிந்தது. மரவெட்டு நிறுவனங்கள் உரிமத்தோடு உள்நுழைந்தன. 1987இல் பெனான் ஆடவரும் பெண்டிரும் குழந்தைகளும் மரச்சாலைகளின் குறுக்கே தடுப்புக் கட்டி நின்றனர். அவ்வாண்டு முடிவதற்குள்ளாகவே காட்டுச்சட்டம் திருத்தப்பட்டது. மரவெட்டுச் சாலையை மறிப்பது தண்டனைக்குரிய குற்றமாயிற்று. தன் வாயிலில் தானே நின்றதற்காக ஒருவனைச் சிறையிடும் சட்டத்தை அத்துணை விரைவில் இயற்ற முடிந்த அரசு, அச் சாலைவழியே வந்த வேறொரு கேட்டைக் காண இருபது ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டது.

அக் கேடு பெண்டிர்மேல் விழுந்தது. காடு அழியவே ஆறு கலங்கியது, காட்டுப்பன்றி அகன்றது, பாயும் கூடையும் முடைதற்குப் பெண்கள் கொணர்ந்த பிரம்பு அரிதாயிற்று. உணவுக்கும் பண்டத்துக்கும் பிறர் கையை எதிர்நோக்கும் நிலை வந்தது. பள்ளியோ தொலைவில்; பிள்ளைகள் விடுதியில் தங்கியே படித்தாக வேண்டும். விடுமுறைக்கு ஊர் திரும்பவும், நோயுற்றால் மருத்துவமனை செல்லவும் மரச்சாலை ஒன்றே வழி. அச் சாலையில் ஓடுபவை நிறுவனத்தின் சரக்குந்துகளும் சிற்றுந்துகளுமே. ஆகவே பதின்மூன்று, பதினான்கு அகவைச் சிறுமி ஒருத்தி பள்ளியினின்று தாயிடம் போய்ச்சேர, முன்பின் அறியா ஆடவனின் வண்டியில் ஏறியாக வேண்டும். மரவெட்டுத் தங்கல்களில் குடும்பமின்றித் திங்கட்கணக்கில் தங்கியிருப்போர் ஊர்க் குடில்களுக்கு வந்துபோவதைத் தடுக்கவும் எவருமில்லை.

2008ஆம் ஆண்டு செபுதம்பரில், சுவிச்சர்லாந்தின் புரூனோ மான்சர் அறக்கட்டளை பெனான் பெண்களின் வாக்குமூலங்களை உலகறிய வெளியிட்டது. மரவெட்டுத் தொழிலாளர் சிலர் பெண்களையும் பள்ளிச் சிறுமியரையும் வன்கொடுமைக்கு ஆளாக்கினர் என்பதே அவற்றின் சாரம். மாநில அரசின் தலைவர்கள் அதனை வெளியாரின் சூழ்ச்சி என்றனர். எனினும் நடுவண் அரசின் பெண்கள், குடும்ப, குமுகாய மேம்பாட்டு அமைச்சகம் ஓர் ஆய்வுக்குழுவை அமைத்து, பாரத்து ஊர்களுக்கு அனுப்பியது. அக்குழுவின் அறிக்கை 2009 செபுதம்பரில்தான் வெளிவந்தது. கொடுமை நடந்தது உண்மையே என்று அரசின் குழுவே அதில் ஒப்பியது. போக்குவரவுக்கு நிறுவனத்தை நம்பிக் கிடப்பதும், வறுமையும், பலர்க்கு அடையாள அட்டை இன்மையும் இக் கேட்டின் வேர்கள் என்றும் எழுதியது.

பின்னர் 2010இல், மலேசிய அமைப்புகளும் ஆசிய மனிதவுரிமை அமைப்புகளும் சேர்ந்து நடத்திய ஆய்வு இன்னும் ஆழமாய்ச் சென்றது. வன்முறை மட்டுமன்று, மணம் என்று சொல்லிக் கூடி வாழ்ந்து, மரம் முடிந்ததும் தங்கலோடு மறைந்துபோன ஆடவரையும், அவர் விட்டுச்சென்ற தாய்களையும் மக்களையும் அது காட்டிற்று. மணப்பதிவில்லாத தாய்க்குப் பிறந்த குழந்தைக்குப் பிறப்புச்சான்று பெறுவது கடிது. சான்றில்லாக் குழந்தைக்குப் பள்ளியும் பிற உரிமைகளும் கடிது. ஒரு கயவனின் ஓராண்டு வாழ்க்கை இரண்டு தலைமுறையைத் தாளற்றவராக்கி விடுகின்றது. அதே 2010இல், இக் குற்றச்சாட்டுகளைப் பற்றிப் பி.பி.சி. செய்தியாளர் வினவியபோது, பெனான் மக்கள் கதை சொல்வதில் வல்லவர் என்றார் மாநில அமைச்சர் ஒருவர். அவருடைய நாட்டின் நடுவணமைச்சகம் அதே கதையைத்தான் முந்தைய ஆண்டில் மெய்யென்று அச்சிட்டிருந்தது.

காவல்துறைக்கு முறையீடே வரவில்லை என்னும் விடை அடிக்கடி கூறப்படுகின்றது. எங்ஙனம் வரும்? காவல்நிலையம் உள்ள நகருக்குப் பல மணிநேர வழி. வண்டி குற்றஞ்செய்தவனுடைய நிறுவனத்தது. அடையாள அட்டை கையில் இல்லை. ஊர்தோறும் சென்று வாக்குமூலம் வாங்கும் பெண் காவலர் வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசின் வண்டி வேண்டும். ஊருக்கே வந்து பிறப்பையும் மணத்தையும் பதியும் அலுவலர் வேண்டும். வெட்டுரிமம் பெறும் நிறுவனம் தன் ஆட்களின் ஒழுக்கத்துக்குப் பொறுப்பேற்க வேண்டும். தவறின் உரிமம் போக வேண்டும். இவற்றுள் எதற்கும் பெருஞ்செலவில்லை. சரவாக்குக் காட்டு மரத்தால் ஈட்டிய பொருளில் ஒரு துளி போதும்.

ஆயினும் இவையெல்லாம் காவலே. அப் பெண்ணைப் பிறன் வண்டியில் ஏற்றிய நிலை நிலத்தை இழந்ததால் வந்தது. நிலச்சட்டம் 2018இல் திருத்தப்பட்டபோதும், பழங்குடியின் பொதுநிலத்துக்குப் பரப்புவரம்பு கட்டியே உரிமை தரப்பட்டது. பாரம் மக்களோ சட்டத்துக்காகக் காத்திருக்கவில்லை. அவ்வாற்றின் குறுக்கே பேரணை கட்ட அரசு முனைந்தபோது, 2013 அகுதோபர் தொடங்கிக் கயான், கென்யா, பெனான் மக்கள் ஈராண்டுக்கு மேல் சாலையில் தடுப்புக் கட்டிக் காத்தனர். 2016இல் அணைக்கெனக் கையகப்படுத்திய நிலத்தை அரசு திருப்பிக் கொடுத்தது. அத் தடுப்புகளில் இரவும் பகலும் முறைவைத்து அமர்ந்திருந்தவர்களுள் பெண்டிரும் இருந்தனர்.