விளக்கணைந்த போர்க்களம்



பழம்பொருள்களைப் போற்றுதல் பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். தமிழாசிரியை ஆதலின் நடுகல்லையோ ஓலைச்சுவடியையோ எடுத்துக்கொள்வேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் பேச வந்திருப்பதோ அமெரிக்க நாட்டின் கெட்டிஸ்பர்க் என்னும் சிற்றூரில் இருந்த நிலப்படம் ஒன்றைப் பற்றி. அவ்வூரை நான் கண்டவள் அல்லள், படித்தறிந்ததையே சொல்லுகிறேன். இதைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அதில் என் பிழை ஒன்றும் கலந்திருப்பதால் கடைசியில் சொல்லுகிறேன்.

1863ஆம் ஆண்டு சூலைத் திங்கள் முதல் மூன்று நாள்களில் அங்கே வடவர் படையும் தென்னவர் படையும் மோதின. ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்டோர் களத்தில் நின்றனர். இறந்தோர், புண்பட்டோர், சிறைப்பட்டோர், காணாமற்போனோர் என ஏறத்தாழ 51,000 பேர். அவ்வூரின் மக்கள்தொகையோ அப்போது 2,400 அளவில்தான். பிணங்களைப் புதைக்க ஊராரே கைகொடுக்க வேண்டியிருந்தது. அவ்வாறு உதவிய ஜான் ரோசன்ஸ்டீல் என்னும் பதினாறு வயதுச் சிறுவன் களத்தில் துப்பாக்கி ஒன்றைக் கண்டெடுத்தான். அவனிடம் தொடங்கியது அக்குடும்பத்தின் சேகரிப்பு. 1921இல் அக்குடும்பத்தார் ஒரு காட்சியகம் அமைத்தனர். அடுத்த தலைமுறையில் வந்த ஜோசப் ரோசன்ஸ்டீலுக்கு வேறோர் எண்ணம் தோன்றியது. துப்பாக்கியையும் குண்டையும் பார்த்துச் செல்வோருக்குப் போர் எவ்வாறு நடந்தது என்பது விளங்கவில்லையே, அதை விளக்கிலே காட்டினால் என்ன?

1930களின் இறுதியில் அவர் முதற்படத்தைச் செய்தார். போரின் நூற்றாண்டை ஒட்டி 1963இல் பெரிய படம் வந்தது. 29 அடிக்கு 29 அடி; எடை ஏறத்தாழ 12 டன். குன்றும் சரிவும் வயலும் சாந்தினால் புடைத்து நிற்கும். அதனுள் அறுநூற்றுக்கும் மேற்பட்ட சிறுவிளக்குகள். சுற்றிலும் இருக்கைகளில் மக்கள் அமர, அரங்கம் இருளும். ஒரு குரல் கதை சொல்லும். அக்குரலின் வழியே விளக்குகள் எரிந்தும் அணைந்தும் படைகள் நகரும். மூன்றாம் நாள் பிற்பகல் 12,000க்கு மேற்பட்டோர் திறந்த வெளியில் ஏறத்தாழ ஒரு மைல் நடந்து சென்று அழிந்த பிக்கெட்டின் தாக்குதலும் அங்கே விளக்குகளின் வரிசைதான். தந்தையுடன் வந்து பார்த்த சிறுவர்கள் பின்னர்த் தம் பிள்ளைகளை அழைத்து வந்தார்கள். பலருக்கு வரலாற்றின் மீது காதல் பிறந்த இடம் அந்த இருட்டறை.

1971இல் காட்சியகம் தேசியப் பூங்காத் துறையின் கைக்கு வந்தது. 2008இல் புதிய காட்சியகம் எழுந்தபோது இப்படத்திற்கு அங்கே இடம் இல்லை. பழமைப்பட்டது என்றார்கள். காப்பாற்றக் கோரி எழுந்த குரல்கள் பயன்தரவில்லை. நான்கு துண்டாக அறுத்துக் கிடங்கில் வைத்தார்கள். சாந்திலே கல்நார் கலந்திருந்தமையால் தொடுவதற்கே அஞ்ச வேண்டிய நிலை. 2012இல் ஏலத்திற்கு வந்தது. அண்மையிலுள்ள ஹானோவர் நகரத்து வணிகர் ஒருவர் 14,010 டாலருக்கு எடுத்தார். துண்டுகளை இணைத்துச் செப்பம் செய்து, 2016இல் அந்நகரிலேயே மீண்டும் விளக்கேற்றிக் காட்டினார்கள்.

இதிலே என்னை வியக்கவைத்தது வேறொன்று. படத்தை வெளியேற்றிய அதே 2008இல், அதே துறை மற்றொரு பழம்பொருளைப் பெரும்பொருட்செலவில் புதுப்பித்து அரங்கேற்றியது. அது பால் ஃபிலிப்போத்தோ என்னும் பிரெஞ்சு ஓவியரின் வட்ட ஓவியம். அதை சைக்ளோராமா என்பர். பார்ப்போரை நடுவே நிறுத்திச் சுற்றிலும் போர்க்களத்தை விரிக்கும் அவ்வோவியம், 1884இல் பாஸ்டன் நகர மக்கள் கட்டணம் கொடுத்துப் பார்த்த வேடிக்கை! அன்றைய திரைப்படம் என்றே கொள்ளலாம். மவுசு குறைந்ததும் அதைப் பெட்டியிலிட்டு வெட்டவெளியில் போட்டார்கள். ஒரு காலத்தில் துண்டுகளாகப் பேரங்காடி ஒன்றிலே தொங்கவிட்டார்கள். 1913இல் கெட்டிஸ்பர்க்கை அடைந்தது. 1942இல் பூங்காத் துறை வாங்கியது. இன்று கலைச்செல்வம். தாத்தாவின் வேடிக்கை பேரனுக்குக் கருவூலம்; தந்தையின் வேடிக்கைதான் யாருக்கும் வேண்டாததாகிவிடுகிறது.

படத்தின் மீது சொல்லப்பட்ட குறைகளை மறைக்க விரும்பவில்லை. படை எங்கே நகர்ந்தது என்று அது காட்டியது. ஏன் நகர்ந்தது என்று காட்டவில்லை. அப்போருக்கு வேர் அடிமைமுறை. லீயின் படை பென்சில்வேனியாவில் புகுந்தபோது, அங்கு உரிமையோடு வாழ்ந்த கறுப்பின மக்களைப் பிடித்துத் தெற்கே கொண்டுசென்றது. அவர்களுக்கென்று ஒரு விளக்கும் இல்லாத படம் அது. உள்நாட்டுப் போர்க்களங்களில் அடிமைமுறையின் பங்கையும் விளக்கவேண்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றம் பூங்காத் துறையைப் பணித்தது. புதிய காட்சியகம் அதைச் செய்தது. செய்தது சரியே.

அப்படியானால் செப்பம் செய்வோர் அவர்களுக்கும் ஒரு விளக்கைச் சேர்த்துப் பொருத்தியிருக்கலாமே என்று கேட்கலாம். கூடாது என்பது என் கருத்து. அருகே ஒரு பலகை வைத்து எழுதட்டும். வேறொரு படமே செய்யட்டும். 1963இன் கண் எதைக் கண்டது, எதைக் காணாமல் விட்டது என்பதற்கு அப்படமே சான்று. பாடம் பிழையென்று தோன்றினால் அடிக்குறிப்பில் எழுதுகிறோமேயன்றிச் சுவடியைச் சுரண்டித் திருத்துவதில்லை அல்லவா?

இனி என் கதை. நான் பணியாற்றும் தமிழ்த்துறையில், எனக்கு முன்பிருந்த பேராசிரியர் ஒருவர் துணியில் தீட்டிய நிலப்படம் தொங்கியது. கோவலனும் கண்ணகியும் புகாரிலிருந்து மதுரைக்கு நடந்த வழி. பிறகு கண்ணகி சேரநாடு புகுந்த வழி. ஏறத்தாழ பன்னிரண்டடி நீளம். வழியை நூலிழையால் தைத்திருந்தார். ஒவ்வொரு காதையையும் அப்படத்தின்மேல் கோலை நகர்த்தியே நடத்துவாராம். வேண்டாத பொருள்களைக் கழிக்கும் குழுவில் நான் இருந்த ஆண்டு, அதன் எதிரே 'கழிக்கத்தக்கது' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். கிழிந்திருந்தது என்பது நான் எழுதிய காரணம். எழுதாத காரணம், அது கருவூரை வஞ்சி என்று காட்டியது. வஞ்சி கொடுங்கல்லூரே என்னும் கட்சியைச் சேர்ந்தவள் நான். முனைவர் பட்டம் பெற்ற புதிது; பிழையான படம் மாணவர் கண்ணில் படக்கூடாது என்று நினைத்தேன்.

கெட்டிஸ்பர்க்குப் படத்தின் கதையைப் படித்தபோது அந்தத் துணிதான் கண்முன் வந்தது. சென்ற ஆண்டு கிடங்கைத் துருவினோம். புகாரிலிருந்து உறையூர் வரை ஒரு துண்டும், மேற்குப் பகுதி ஒரு துண்டும், புத்தக அலமாரியின்மேல் தூசுக்கு விரித்த துணியாகக் கிடைத்தன. கருவூருக்கு நேரே 'வஞ்சி' என்னும் எழுத்து கெடாமல் இருக்கிறது. அதை அப்படியே விடச் சொல்லியிருக்கிறேன். என் கட்சியைக் கீழே ஒரு சிறு சீட்டில் எழுதிவைத்தால் போதும்.

மதுரைப் பகுதிதான் இல்லை. புதிதாகத் தீட்டிவிடலாம் என்கிறார்கள் மாணவிகள். அவ்விடத்தில் வெறுந்துணி வைத்துத் தைக்கலாம் என்கிறேன் நான். இன்னும் முடிவாகவில்லை. இந்த அவையில் அப்பேராசிரியரிடம் பயின்றோர் சிலர் இருக்கிறீர்கள் என அறிகிறேன். வையையைக் கடந்தபின் மாதரியின் ஆயர்சேரியை ஐயா எந்த இடத்தில் குறித்திருந்தார், என்ன நிறத்தில் குறித்திருந்தார் என்று நினைவிருப்பவர்கள், கூட்டம் முடிந்ததும் சற்று நின்று சொல்லிவிட்டுப் போக வேண்டுகிறேன்.