எடுத்த படம் ஊர் திரும்பட்டும்



ஊர் ஊராகப் போய்ப் படம் எடுப்பவன் நான். எனக்கும் புகைப்படக்கலைக்கும் உள்ள உறவைப் பற்றிப் பேசச் சொன்னார்கள் புத்தகத் திருவிழாக் குழுவினர். போன ஊரில் என்னை வெறுமனே வேடிக்கை பார்ப்பவனாக நிற்க விடாத உறவு அது.

தனுஷ்கோடியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1964 டிசம்பர்ப் புயல் தின்ற ஊர். இடிந்த தேவாலயத்தைப் படம் எடுக்காத பயணி உண்டா? 2017-இல் அந்த ஊர் வழியே அரிச்சல்முனை வரை சாலை திறந்தபிறகு கூட்டத்துக்குக் கேட்கவே வேண்டாம். அந்தச் சுவர்களைத் தாண்டிப் போனால், கடற்கரையில் மீனவர்கள் கரைவலைக் கயிற்றை இழுக்கிறார்கள். குதிகாலை மணலில் ஊன்றி, உடம்பைப் பின்னால் சாய்த்து, அடிமேல் அடி வைத்து இழுக்கிறார்கள். வரிசையின் கடைசி ஆள் கயிற்றை விட்டுவிட்டு, அலையோரம் ஓடி முதல் ஆளாகப் பிடிக்கிறார். தூரத்திலிருந்து டெலி லென்ஸில் எடுத்தால் அழகான நிழலுருவங்கள் கிடைக்கும். கயிறு காய்ப்பேற்றிய உள்ளங்கை தெரிய வேண்டுமானால், 35 எம்.எம். லென்ஸோடு அருகே போக வேண்டும். அருகே போனால் பேச வேண்டும், பெயர் கேட்க வேண்டும், கூட நின்று கயிறும் பிடிக்க வேண்டும். இந்தப் பழக்கமெல்லாம் எனக்குக் கேமரா கொடுத்தது!

அங்கே ஓர் அம்மா, எடுத்த படத்தைக் கண்ணில் காட்டுவாயா என்று கேட்டார். அடுத்த முறை பிரிண்ட் போட்டு எடுத்துப் போனேன். அவர் தன் முகத்தைத் தேடவில்லை. கயிற்று வரிசையில் ஒவ்வொருவர் மேலும் விரல் வைத்துப் பெயர் சொல்லிக்கொண்டே வந்தார். நான் எடுத்த படத்தை எனக்கே படித்துக் காட்டியவர் அவர்தான்.

எடுத்த படம் ஊர் மக்களின் கைக்கு வராமல் போவதும் உண்டு. 1858-இல் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி, சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராகத் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வந்தார். அடித்தளக் கல்வெட்டுகளைக் காகித நெகட்டிவில் பகுதி பகுதியாக எடுத்து, 21 படங்களை ஒட்டிச் சுமார் 19 அடி நீளச் சுருளாக்கினார். மகத்தான உழைப்பு, வணங்குகிறேன். அதன் ஒரு பிரதி லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தஞ்சை வீதிகளில் எத்தனை பேர் அதைப் பார்த்திருப்பார்கள்?

ஓர் ஊரின் படம் அந்த ஊருக்குக் கிடைக்காவிட்டால், எடுத்தவரின் வேலை பாதியில் நிற்கிறது. பரிசு கிடைக்கலாம், பத்திரிகையில் அட்டைப்படமாகவும் வரலாம். கயிறு இழுத்தவரின் வீட்டில் அந்தப் படம் இல்லையென்றால், கடன் தீரவில்லை.

கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்திருக்கும் தம்பி தங்கைகளே, மேக்ஸி சைஸ் பிரிண்ட் ஒரு டீ விலைதான். அடுத்த பயணத்துக்குப் பை கட்டும்போது, போன முறை நீங்கள் படம் எடுத்த மனிதர்களுக்கான பிரிண்ட்களை முதலில் வையுங்கள், லென்ஸைப் பிறகு வையுங்கள். அவர்கள் கையில் கொடுத்துவிட்டு அடுத்த படத்தை எடுங்கள்.