பிள்ளைகளின் கையில் கணக்கேடு
(ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயிலும் மாணவ மாணவியரின் பெற்றோர் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரை)

 

வட்டி ஹராம் என்பதை நம் பிள்ளைகள் மதரஸாவில் ஓதுகிறார்கள். தனிவட்டி, கூட்டுவட்டிக் கணக்குகளைப் பள்ளிக்கூடத்தில் படித்து மதிப்பெண்ணும் பெறுகிறார்கள். ஆனால் இவ்விரு பாடங்களையும் இணைத்து வீட்டுக் கணக்கைப் பார்க்க அவர்களுக்குக் கற்றுக்கொடுப்பார் இல்லை. அந்தப் பொறுப்பு நம்முடையது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். நூற்றுக்கு மூன்று ரூபாய் மாதவட்டி என்பது கேட்பதற்குச் சிறிதாகத் தோன்றும். ஆண்டுக்கு அது 36 விழுக்காடு. 20,000 ரூபாய் கடன் வாங்கியவர் மாதந்தோறும் 600 ரூபாய் வட்டி கட்டுகிறார். 34 மாதங்களில் 20,400 ரூபாய் கட்டிய பின்னரும் அசல் 20,000 ரூபாய் அப்படியே நிற்கிறது. இந்தக் கணக்கைப் போடத் தெரிந்த பிள்ளை நம் வீட்டிலேயே இருக்கிறது. கடனை அதற்குத் தெரியாமல் மறைப்பதே அன்பு என்று நாம் எண்ணிக்கொள்கிறோம்.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம், அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு அது பணிக்கிறது. அந்நிஸா அத்தியாயத்தின் 6ஆம் வசனம், அநாதைகளின் சொத்தை அவர்களிடம் ஒப்படைக்கும் முன் அவர்களது பக்குவத்தைச் சோதித்தறியச் சொல்கிறது. பெற்றோர் உள்ள பிள்ளைகளுக்கும் அத்தகைய பயிற்சி வேண்டாமா?

நம் நாட்டில் 18 வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. அவ்வயது நிரம்பியதும் கடன் பத்திரத்தில் கையொப்பமிடும் தகுதி வந்துவிடுகிறது. பக்குவம் தானாக வருவதில்லை. 2016இல் யுபிஐ வந்த பின்னர், பணம் கையில் படாமலே செலவாகிறது. நோட்டுகளை எண்ணிக் கொடுக்கும்போது உண்டாகும் தயக்கம் இதில் இல்லை.

ஆகவே மூன்று செயல்களை முன்வைக்கிறோம்.

முதலாவது: பேருந்துக் கட்டணம், எழுதுபொருள் செலவு ஆகியவற்றை மாதத் தொடக்கத்திலேயே மொத்தமாகப் பிள்ளையிடம் கொடுப்போம். வரவு செலவை அன்றாடம் அதுவே எழுதட்டும். இருபதாம் தேதியே பணம் தீர்ந்தால் திட்ட வேண்டாம். ஏட்டைத் திறந்து, எங்கே போயிற்று என்று சேர்ந்து பார்ப்போம்.

இரண்டாவது: 10 வயது நிரம்பிய பிள்ளைகள் தாமே சேமிப்புக் கணக்கு தொடங்கி நடத்துவதை வங்கிகள் அனுமதிக்கலாம் என ரிசர்வ் வங்கி 2014இல் அறிவித்தது. அக்கணக்கில் சேரும் வட்டியை என்ன செய்வது என்பதைப் பிள்ளையே இமாம் அவர்களிடம் கேட்டறியட்டும். மார்க்கமும் கணக்கும் அங்கே ஒன்றுசேரும்.

மூன்றாவது: இவ்வறிக்கையில் இடம்பெறும் பைத்துல்மால் வரவு செலவை மாணவர்கள் படித்துக் கேள்வி கேட்கட்டும். ஜகாத் கடமையான சேமிப்பில் ஒவ்வொரு 1,00,000 ரூபாய்க்கும் 2,500 ரூபாய் என்பதை அவர்களே கணக்கிடட்டும். அவர்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் நாம்.

வட்டியை விட்டு விலகுங்கள் என்று மேடையில் சொல்வது எளிது. கடன் தேவைப்படாத வாழ்வைத் திட்டமிடவும், தவிர்க்க முடியாத தேவைக்கு வட்டியில்லாக் கடனை நாடவும், வாங்கியதைத் தவணை தவறாமல் திருப்பவும் பழக்குவதே கடினம். அப்பழக்கம் பள்ளிப் பருவத்திலேயே தொடங்கட்டும்.

வல்ல அல்லாஹ் நம் சந்ததியினரைக் கடன் சுமையிலிருந்து காத்து, ஹலாலான சம்பாத்தியத்தில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.