தலையசைத்தல் வேண்டா

அணுசக்தி நகரில் குடியிருந்து மின்தொழில் கற்பிக்கும் எங்களிடம் தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் தமிழ்ப் பிள்ளைகள் வருகின்றனர். 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் இத்தகையோர் உதவித்தொகையுடன் பயிற்சி பெற வழி வகுத்தது.

ஆயினும், இந்தியில் உரைப்பது விளங்காமலே தலையசைக்கும் பிள்ளையைக் கண்டால் எங்கள் நெஞ்சம் நடுங்குகிறது. 415 வோல்ட் பாயும் மும்முனைக் கம்பி, அறியாமல் தொட்டவனென்று இரக்கம் காட்டாது. ஆகவே முதற்பாடத்தைத் தமிழிலும் சொல்கிறோம்: சுவிட்சை அணை, மூன்று பியூஸ்களையும் கழற்றி உன் பையிலேயே வை. சோதனைக் கருவியை முதலில் மின்சாரமுள்ள கம்பியில் வைத்துப் பார், பிறகு வேலை செய்யப்போகும் கம்பியில், மீண்டும் முதற்கம்பியில். கருவி பழுதாயிருப்பின் மின்சாரம் பாயும் கம்பியும் வெறுங்கம்பியாகவே தோன்றும்.

பெற்றோரே, உங்கள் பிள்ளைகட்குச் சொல்லுங்கள்: விளங்கவில்லை என்று கேட்பது இழிவன்று, அதுவே உயிர்க்காப்பு.